308 வின்செஸ்டர் தோட்டாவை வீட்டில் நிரப்பத் தொடங்குவது: முதலில் பித்தளையைக் கவனியுங்கள்

ரைஃபிள் தோட்டாவில் நான்கே பொருள்கள்: பித்தளைக் கூடு, பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்), வெடிமருந்து, குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். விலையிலும் கூட்டின் பங்கு பெரிது. அதை மறுபடி பயன்படுத்தலாம் என்பதால்தான் அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுநர்களும் வீட்டு கராஜில் பிரஸ் (கூட்டை அழுத்தும் கைப்பிடி எந்திரம்) வைத்துத் தோட்டா நிரப்புகிறார்கள். தொடங்குபவர்கள் எந்த மருந்து, எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் எடை அலகு) என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அச்சிட்ட கையேடு பதில் வைத்திருக்கிறது. கையேடு உங்களுக்காகச் செய்து தர முடியாத வேலை கூட்டைத் தயார் செய்வது. துல்லியம் கெடுவதும், விபத்து தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் இங்கே பாதிக்கு மேல் பித்தளையைப் பற்றித்தான்.

எடுத்துக்கொண்ட தோட்டா 308 வின்செஸ்டர், போல்ட் ரைஃபிளில் (தோட்டாவின் பின்புறத்தை மூடும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இயக்கும் வகை) சுடுவதற்கு. 1952-இல் வந்த இந்த அளவுக்குக் கூடு, குண்டு, டை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) எல்லாமே தாராளமாகக் கிடைக்கும். புத்தகங்களில் தரவும் நிறைய உண்டு. பழகுவதற்கு இதைவிடத் தோதான ரைஃபிள் தோட்டா அதிகம் இல்லை.

சட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் 06 வகை உரிமம் வேண்டும். மாநில விதிகள் தனி. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் இதற்குச் செல்லாது. ஆகவே கீழே உள்ளது, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு.

மேசைமேல் என்ன வேண்டும்

ஒற்றை நிலை பிரஸ் ஒன்று. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலைதான் நடக்கும். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட் போன்ற வார்ப்பிரும்பு பிரஸ்கள் வாழ்நாள் முழுக்க உழைக்கும். ஒரே இழுப்பில் ஐந்து வேலை செய்யும் புரோக்ரெஸிவ் பிரஸ்ஸைப் புதியவர் தொடவே வேண்டாம். ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் தவறைக் கவனிக்கப் பழகாத கண்ணால் முடியாது.

308-க்கான இரண்டு டை செட்: ஒன்று கூட்டை அளவுக்குக் கொண்டுவர, மற்றது குண்டை அமர்த்த. டையின் மரை பெரும்பாலும் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான், எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. எனவே ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் ஏறும். கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரின் எண் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆர்சிபிஎஸ்ஸில் 308-க்கு 3-ஆம் எண், லீயில் 2-ஆம் எண்.

ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் காட்டும் வெர்னியர் கேலிப்பர், 0.1 கிரெயின் காட்டும் தராசு, அதைச் சோதிக்க எடைக்கற்கள், கூட்டின் நீளத்தை வெட்டும் டிரிம்மர், வாயின் பிசிறு எடுக்கும் கருவி, பிரைமர் பொருத்தும் கைக்கருவி, 50 குழி உள்ள பலகை, புனல், கூட்டின் அடியிலிருந்து தோள்வரை (உடம்பு கழுத்தாக ஒடுங்கும் சரிவு) அளக்கும் கம்பேரேட்டர், தவறாக நிரப்பியதைக் கழற்றும் சுத்தியல். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடக்கூடாது. கடைசியாக, ஒன்றல்ல, இரண்டு நிரப்பல் கையேடுகள். ஒன்று குண்டு செய்த நிறுவனத்துடையதாகவும் மற்றது மருந்து செய்த நிறுவனத்துடையதாகவும் இருக்கட்டும்.

காசு மிச்சப்படுத்த வேண்டுமென்றால் பிரஸ்ஸில் மிச்சப்படுத்துங்கள், பழைய பிரஸ் நன்றாகவே ஓடும். தராசிலும் கேலிப்பரிலும் கை வைக்க வேண்டாம்.

கூட்டைப் பொறுக்குவது

சுடும் மைதானத்தில் தரையில் கிடக்கும் பித்தளையை அள்ளிக்கொண்டு வருவது எல்லோருக்கும் வரும் ஆசை. அதில் மூன்று சிக்கல் உண்டு. அது எத்தனை முறை சுடப்பட்டது என்று தெரியாது. எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்று தெரியாது. எந்திரத் துப்பாக்கியில் சுட்டதாக இருந்தால், தளர்ந்த சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) இழுபட்டுச் சுவர் மெலிந்திருக்கும். முதல் 100 கூடுகளைப் புதிதாக வாங்குங்கள், அல்லது உங்கள் ரைஃபிளிலேயே நீங்கள் சுட்ட கம்பெனித் தோட்டாவின் கூடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

ராணுவக் கூடு என்றால் இன்னும் இரண்டு விஷயம். நேட்டோ முத்திரையுள்ள 7.62×51 (308-இன் ராணுவ இணை) கூட்டில் பிரைமர் குழியின் விளிம்பை நெரித்து வைத்திருப்பார்கள். அந்த நெரிப்பைச் சீவி எடுக்காமல் புது பிரைமர் இறங்காது, இறங்கினாலும் நசுங்கும். அதோடு அதன் சுவர் பொதுவாகத் தடிப்பு. வெளி அளவு அதேதான், உள்ளே இடம் குறைவு. வணிகக் கூட்டில் சரியாக இருந்த மருந்து, இதில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். இரண்டு வகைக் கூட்டையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள். அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து, கம்பெனிவாரியாகப் பிரித்து வையுங்கள்.

பிரைமரின் தீ கூட்டுக்குள் போகும் தீத்துளையையும் எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, நிரப்பலாம். ஓரத்தில் இரண்டு சிறு துளை தெரிந்தால் பெர்டன் வகை. பழைய பிரைமரைத் தள்ளும் டையின் நடு ஊசி அதில் மோதி உடையும். பெர்டனைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா முழுக்கப் பாக்ஸரைத்தான் பயன்படுத்துகிறது, பெர்டன் ஐரோப்பாவில்தான் நிலைத்தது.

அடுத்து ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் சுழற்றிப் பார்ப்பது. கழுத்தில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் வீசிவிடுங்கள். பித்தளை பலமுறை விரிந்து சுருங்கி இறுகிப்போனதன் அடையாளம் அது. அதே தொகுதியில் மற்றவையும் சீக்கிரம் வெடிக்கும். அடியிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று மேலே கூட்டைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் தெரிகிறதா? இதுதான் முக்கியமான சோதனை. அங்கே பித்தளை உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கிறது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் செங்கோணத்தில் மடக்கி, கூர் தீட்டி, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேல் நோக்கி உரசி இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால், அந்தக் கூடு அடுத்த சுடலிலோ அதற்கடுத்ததிலோ இரண்டாகப் பிரியும். பிரிந்தால் கொதிக்கும் வாயு போல்ட் பக்கம், அதாவது முகத்தை நோக்கி வரும். வளையம் தெரிந்து பள்ளம் தட்டவில்லை என்றாலும் சந்தேகக் கூட்டை வைத்துக்கொள்வதில் லாபமில்லை. நசுக்கி, பழைய பித்தளைக்குப் போடுங்கள்.

சுத்தம் செய்வதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அதிரும் டம்ளரில் (கூடுகளைப் போட்டுக் குலுக்கும் எந்திரம்) மக்காச்சோளத் தக்கைத் துருவலோ வால்நட் ஓட்டுத் துருவலோ போட்டு ஓடவிட்டால் அழுக்கு போகும். பளபளப்பு அழகுக்குத்தான், டையைக் கீறும் மணலும் கரியும் போனால் போதும். ஆனால் அந்தத் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கிறது. டம்ளரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், துருவலை வெளியே சலியுங்கள், கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

அளவுக்குக் கொண்டுவருவது

சுடும்போது 308-க்குள் எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). அந்த அழுத்தத்தில் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி, பிறகு கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. அதை மறுபடி சேம்பருக்குள் சுலபமாக நுழையும் அளவுக்குச் சுருக்குவதே டையின் வேலை. கூடவே பழைய பிரைமரும் வெளியே தள்ளப்படும்.

எண்ணெய் தடவாமல் ரைஃபிள் கூட்டை டைக்குள் விட்டால் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும், கூடு உள்ளேயே நிற்கும். பிறகு அடியைத் துளையிட்டு, மரை போட்டு, திருகாணி முடுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டும். அதற்கென்றே தனி கிட் விற்கிறார்கள் என்பதிலிருந்தே இது எவ்வளவு சகஜம் என்று புரியும். அதற்காக எண்ணெயை வழிய வழியத் தடவினால் வேறு தொல்லை. தோளில் எண்ணெய் தேங்கி, போக இடமில்லாமல் பித்தளையை உள்ளே அமுக்கிச் சொட்டையாக்கும். சிறு சொட்டை அடுத்த சுடலில் நேராகிவிடும், பெரியது ஆகாது. மெழுகு வகை என்றால் விரல் நுனியில் ஒரு தொடு, கூட்டின் உடம்பில் மட்டும், முக்கியமாக அடிப்பக்கத்தில் மெல்லிய படலமாக. தோளில் வேண்டாம். கழுத்தின் உட்புறத்தில் கொஞ்சம் தடவுங்கள், இல்லையென்றால் கழுத்தை விரிக்க டையின் நடுத் தண்டில் உள்ள உருண்டை வெளியே வரும்போது கீச்சிட்டுக் கழுத்தை இழுத்து நீட்டிவிடும்.

டையை எவ்வளவு இறக்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டையோடு வரும் தாளில், ஷெல் ஹோல்டரில் தொடும்வரை இறக்கி, மேலும் எட்டில் ஒரு சுற்றோ கால் சுற்றோ முடுக்கச் சொல்லியிருக்கும். உலகத்தில் எந்த 308 ரைஃபிளிலும் நுழைய வேண்டும் என்பதற்கான அளவு அது. உங்கள் ஒரு ரைஃபிளுக்கு அது அளவுக்கு மிஞ்சிய சுருக்கமாக இருக்கலாம். தோளை அதிகம் பின்னால் தள்ளினால் என்ன ஆகும்? சுடும்போது கூடு முன்பக்கம் ஓடி நிற்கிறது, அழுத்தத்தில் சுவர் சேம்பரைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது, அடி மட்டும் பின்வாங்கிப் போல்ட்டில் மோதுகிறது. இடையில் உள்ள பித்தளை இழுபடுகிறது. முன்பு சொன்ன பளபளப்பு வளையம் பிறப்பது இப்படித்தான்.

ஆகவே அளந்து செய்யுங்கள். உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டின் பிரைமரை எடுத்துவிட்டு, கம்பேரேட்டர் வைத்து அடியிலிருந்து தோள்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கூடாவது அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டையை ஷெல் ஹோல்டருக்கு ஒரு சுற்று மேலே நிறுத்தி, கூட்டை விட்டு, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வாருங்கள். போல்ட் ரைஃபிளுக்கு அந்த எண்ணைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் குறைந்தால் போதும். தானியங்கி வகைக்கு 0.003 அங்குலமோ சற்றுக் கூடவோ தேவைப்படும். அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம். 0.002 அங்குலம் வேண்டுமென்றால் டையை ஏறக்குறைய 10 டிகிரி திருப்பினால் ஆயிற்று. கடிகார முகத்தில் இரண்டு நிமிடக் கோட்டுக்கும் குறைவு. கையில் அசைவே தெரியாத அந்த அளவுதான் கூடு மூன்று முறை தாங்குமா பத்து முறை தாங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. முதலில் கூட்டின் தோள் நீளம் கொஞ்சம் கூடுவது போலத் தெரியலாம். உடம்பு ஒடுங்கும்போது பித்தளை முன்னால் நகர்வதால் அப்படி. டை தோளைத் தொட்டதும் குறையத் தொடங்கும்.

கடைசிச் சோதனை ரைஃபிளே. மருந்தும் பிரைமரும் இல்லாத கூட்டைப் போட்டு போல்ட்டை மூடிப் பாருங்கள். தடையில்லாமல், அல்லது கடைசியில் மிக லேசான உரசலோடு மூட வேண்டும்.

நீளம், வாய், பிரைமர் குழி

சுருக்கும்போது பித்தளை முன்னே வழிந்து கூடு நீளும். 308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டிய நீளம் 2.005. அளப்பது எப்போதும் டையில் சுருக்கிய பிறகுதான், முன்பு அளந்த எண்ணுக்குப் பொருளில்லை. 2.015-ஐத் தாண்டிய கூட்டின் வாய் சேம்பரின் முன் ஓரத்தில் நெருங்கி, குண்டைக் கவ்விப் பிடிக்கும். குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் எகிறும். மருந்தைக் கூட்டவே இல்லையே என்று குழம்புகிறவர்கள் கூட்டின் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும்.

வெட்டிய வாயில் பிசிறு நிற்கும். உட்பக்கமும் வெளிப்பக்கமும் லேசாக ஒரு திருப்பு. கத்திபோல் கூராக்க வேண்டாம். உள்ளே கொஞ்சம் சரிவு இருந்தால் குண்டு சீவப்படாமல் இறங்கும், அவ்வளவே தேவை. பிரைமர் குழியில் உள்ள கரியையும் சுரண்டிவிடுங்கள். எண்ணெயைத் துடைத்துவிடுவதை மறக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சுட்டால் கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காது, முழு உந்துதலும் போல்ட் மேல் விழும்.

பிரைமர்

308-க்குப் பெரிய ரைஃபிள் பிரைமர். சிசிஐ 200, ஃபெடரல் 210, வின்செஸ்டர் டபிள்யூஎல்ஆர் எல்லாம் இந்த வகை. கையேடு எதைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். பெயர் மாறினால் அழுத்தமும் மாறும். பெரிய பிஸ்டல் பிரைமரும் இதே விட்டம்தான், குழியில் இறங்கியும்விடும். ஆனால் உயரம் குறைவு, கிண்ணம் மெல்லியது. ரைஃபிள் அழுத்தத்தில் துளையாகி வாயு பின்னால் பாயும். அதனால் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு வகைப் பெட்டிதான்.

பிரைமர் குழியின் அடியைத் தொட்டு உட்கார வேண்டும், கூட்டின் அடிமட்டத்திலிருந்து 0.002 முதல் 0.005 அங்குலம் உள்ளே. விரலால் தடவினால் லேசான பள்ளம் தெரியும். மேடாக நின்றால் இரண்டு விதத்தில் கெடும். போல்ட் ரைஃபிளில் ஊசி அடித்த அடி பிரைமரை உள்ளே தள்ளுவதில் வீணாகி, வெடிக்காமல் போகலாம். எம்1 கேரண்ட் போல ஊசி தளர்வாக ஓடும் தானியங்கிகளில், போல்ட் முழுதும் பூட்டுவதற்கு முன்பே வெடித்துவிடலாம். எதிர்ப்பே இல்லாமல் பிரைமர் சொத்தென்று இறங்கினால் குழி விரிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

எண்ணெய்க் கையால் பிரைமரைத் தொட்டால் அது செயலிழக்கலாம். சிந்திய பிரைமரையும் மருந்தையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், தூரிகையும் முறமும் போதும். பிரைமர்களைக் கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைப்பது பைத்தியக்காரத்தனம், ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

மருந்து

இங்கே எந்த அளவும் தரப்போவதில்லை, இணையத்தில் யாராவது தந்தாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து, குண்டு, பிரைமர், கூடு ஆகிய நான்கும் பொருந்திய ஒரு வரிதான் செல்லுபடியாகும் அளவு, அது கையேட்டில் இருக்கிறது. ஒரே 168 கிரெயின் எடையுள்ள இரண்டு கம்பெனிக் குண்டுகள்கூட ஒன்றல்ல. நீளமும் உலோகமும் மாறினால் அழுத்தம் மாறும்.

பெயரில் ஏமாறுவது இங்கே உயிர்ப் பிரச்சினை. ஐஎம்ஆர் 4895 வேறு, எச் 4895 வேறு. 4350 என்ற எண்ணில் ஐஎம்ஆர், ஹாட்ஜ்டன், அக்யூரேட் மூன்றும் மருந்து விற்கின்றன, எரியும் வேகம் மூன்றுக்கும் வேறு. எண்ணோடு முன்னொட்டையும் சேர்த்துப் படியுங்கள். பிஸ்டலுக்கான வேக மருந்தை ரைஃபிள் கூட்டில் போட்டால் துப்பாக்கி சிதறும். ஆகவே ஒரு விதியை மட்டும் சமரசமில்லாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் அளவியில் (மருந்தை அளந்து ஊற்றும் கருவி) மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டிவிட்டு எழுந்திருங்கள். எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று துளி சந்தேகம் வந்தாலும் தோட்டத்துப் புல்லில் தூவிவிடுங்கள்.

எடை கிரெயினில். ஒரு பவுண்டு 7000 கிரெயின், ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். மின் தராசில் கிரெயினும் கிராமும் ஒரே பொத்தானில் மாறும், திரையின் ஓரத்தில் உள்ள எழுத்தைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். தராசைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் சூடாக விடுங்கள், மின்விசிறியை அணையுங்கள், எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை மறுபடி எடைக்கல். முடிவில் எண் நகர்ந்திருந்தால் கடைசியாகச் சரிபார்த்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் எடை போட வேண்டும்.

கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பம். உச்சத்தில் ஆரம்பிப்பவருக்கு விபத்தை முன்கூட்டிக் காட்டும் அறிகுறி எதுவும் கிடைக்காது. தொடக்கத்துக்கும் கீழே வெகுவாகக் குறைப்பதும் பாதுகாப்பல்ல. மெதுவாக எரியும் மருந்து பாதிக் கூட்டில் ஒழுங்கில்லாமல் பற்றும்.

பலகையில் நிற்கும் 50 கூட்டிலும் மருந்து போட்டு முடித்ததும், டார்ச் அடித்து ஒவ்வொன்றாக மட்டம் பாருங்கள். ஒன்று காலியாகவோ ஒன்று வழிந்தோ இருந்தால் பளிச்சென்று தெரியும். காலிக் கூட்டின் ஆபத்து பலருக்குப் புரிவதில்லை. பிரைமர் மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். சத்தம் சிறியதாக இருந்தால் உடனே நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, குழலில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

குண்டை அமர்த்துவது

மருந்தில்லாத கூட்டை ஏற்றி வைத்து, அமர்த்தும் டையை வாய் தட்டும்வரை கையால் இறக்குங்கள், பிறகு ஒரு சுற்று மேலே எடுத்துப் பூட்டுங்கள். இப்போது டை வாயை நெரிக்காது. போல்ட் ரைஃபிளுக்கு நெரிப்பு தேவையில்லை, கழுத்தின் பிடியே போதும். குண்டை நேராக வைத்து ஏற்றி, நடுத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி ஆழத்தைச் சரிசெய்யுங்கள். பாதி அமர்த்தி, தோட்டாவை அரைச்சுற்று திருப்பி, மீதியை அமர்த்தினால் நேராக உட்காரும் என்று பலர் செய்வார்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

308-இன் உச்ச மொத்த நீளம் 2.810 அங்குலம். கையேட்டில் அந்தக் குண்டுக்கு ஒரு நீளம் தந்திருக்கும், தொடக்கத்தில் அதையே பின்பற்றுங்கள். குண்டை ஆழமாக இறக்கினால் மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். வெளியே நீட்டி வைத்து, குண்டு குழலின் உட்சுவரில் உள்ள சுழல் வரிகளைத் தொட்டுக்கொண்டே தொடங்கினாலும் அழுத்தம் ஏறும். முனை திறந்த இலக்குக் குண்டுகளில் நுனி ஒன்றுக்கொன்று மாறுபடும், அதனால் மொத்த நீளம் ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் ஆடுவது இயல்பு. குண்டு முழு விட்டம் பெறும் வளைவிலிருந்து கம்பேரேட்டரில் அளந்தால் எண் நிலையாக இருக்கும்.

தோட்டாவை மேசையில் அழுத்திப் பாருங்கள், குண்டு உள்ளே நகரக்கூடாது. நகர்ந்தால் கழுத்தின் பிடி போதவில்லை. 30-30 போல வரிசைக்குழாயில் தோட்டா அடுக்கும் லீவர் ரைஃபிளுக்கு நிரப்புகிறவர்கள் கூர்முனை உலோகக் குண்டு வைக்கவே கூடாது, முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை அந்த முனை அடிக்கும்.

மைதானத்தில்

ஒவ்வொரு அளவிலும் ஐந்தாறு மட்டும் நிரப்பிக்கொண்டு போங்கள். பெட்டிமேல் தேதி, கூடு, பிரைமர், மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், எடை, குண்டு, நீளம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத பெட்டி கழற்ற வேண்டிய பெட்டி.

குறைந்த அளவிலிருந்து மேலே சுடுங்கள். ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பாருங்கள். போல்ட் தூக்கக் கடினமாக இருந்தால், அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம்) துளையின் பளபளப்பான வட்டத் தழும்பு விழுந்திருந்தால், பிரைமரைச் சுற்றிக் கரி கசிந்திருந்தால், அங்கேயே நிறுத்தி, மேலே உள்ளவற்றைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழற்றுங்கள். பிரைமர் தட்டையாவது நம்பகமான அடையாளம் அல்ல. சில பிரைமர்கள் மிதமான அழுத்தத்திலேயே தட்டையாகும், சில வரம்பைத் தாண்டியும் வட்டமாகவே நிற்கும். வேகமானி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல எச்சரிக்கை கிடைக்கும். உங்கள் குழல் கையேட்டின் சோதனைக் குழலைவிட நீளமில்லை, ஆனாலும் புத்தகத்தில் உச்ச அளவுக்குக் காட்டிய வேகத்தைத் தாண்டிவிட்டது என்றால், அழுத்தமும் தாண்டிவிட்டது. வேகம் இலவசமாக வராது.

இலக்கில் துளைகளின் குழுமம் சிறிதாகும் மருந்தளவு உச்சத்துக்குக் கீழே கிடைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் சற்று வேகம் கிடைக்கும் என்று மேலே ஏறுவதால் மானுக்கோ அட்டைக்கோ வித்தியாசம் தெரியாது. மருந்தின் புதுத் தொகுதி, வேறு கம்பெனிக் கூடு, வேறு பிரைமர் என்று ஒன்று மாறினாலும் கீழிறங்கி மறுபடி ஏறி வரவேண்டும்.

பத்திரப்படுத்துவது

மருந்து அது வந்த டப்பாவிலேயே, பிரைமர் அது வந்த அட்டையிலேயே, இரண்டும் தனித்தனி அலமாரியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 மாதிரி விதி, வீட்டில் அசல் டப்பாக்களில் 20 பவுண்டு புகையற்ற மருந்தும் 10,000 பிரைமரும் வரை ஏற்கிறது. உள்ளூர் தீயணைப்பு விதி அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். மருந்துக்கு இரும்புப் பெட்டகம் நல்லதென்று தோன்றும், ஆனால் தீப்பிடித்தால் இறுக்கி மூடிய பெட்டகம் வெடிகுண்டாகிவிடும். அழுத்தம் வெளியேற வழிவிடும் மர அலமாரிதான் சரி. டப்பாவைத் திறந்ததும் காரமான அமில நெடியோ, உள்ளே செந்துரு நிறத் தூளோ, சிவந்த புகையோ தெரிந்தால் அந்த மருந்து கெடத் தொடங்கிவிட்டது. அதை வைத்திருக்கவும் கூடாது, நிரப்பவும் கூடாது.

தவறாக நிரப்பிய தோட்டாவைக் கழற்றும் சுத்தியலில், அதோடு வந்த பிடிப்பானையே பயன்படுத்துங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கெட்டியான மரக்கட்டைமேல் அடியுங்கள், சிமெண்டில் அடித்தால் சுத்தியல் தலை விரிசல் விடும். 22 போன்ற விளிம்பில் பற்றும் தோட்டாக்களை மட்டும் அதில் போடவே கூடாது. கழன்று விழும் மருந்து என்ன எடை, என்ன வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டப்பாவுக்குத் திரும்பக் கூடாது. குண்டையும் கூட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.